பதிந்த சாய்வு

பிள்ளைகளே, பழைய வாக்மேன் ஒன்றைத் திறந்தால் அதில் முதலில் செத்துப்போயிருப்பது ரப்பர் பெல்ட்டாகத்தான் இருக்கும். மோட்டார் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கனத்த சிறு சக்கரமான ஃப்ளைவீல், கை வைத்தால் இன்றும் வழுக்கிக்கொண்டு சுழலும். டேப்பைப் படிக்கிற ஹெட் தேய்ந்திருந்தாலும் துடைத்தால் பேசும். பெல்ட் மட்டும் தொளதொளத்துப் போயிருக்கும். சிலவற்றில் அது தார்போல உருகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் கிடைக்கிற ஒரு ரப்பர் வளையம் போனதற்காக, எத்தனையோ நல்ல பெட்டிகள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயிருக்கின்றன. எத்தனையோ நல்ல உறவுகளும் அப்படித்தான் போயின என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்ச காலமாக, இங்கே முசிறியிலிருந்தும் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கமிருந்தும் உறவுப் பிள்ளைகள் தாத்தா வீட்டுப் பரணில் கண்டெடுத்த கேசட் பிளேயர்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கேசட் மறுபடியும் மோஸ்தராகிவிட்டதாம். வெளிநாடுகளில் புதுப் பாட்டுகளையே கேசட்டில் வெளியிடுகிறார்கள். சீனத்து ஃபியோ, பிரான்சின் வி ஆர் ரிவைண்ட் போன்ற நிறுவனங்கள் புத்தம்புதிதாகவே கேசட் பிளேயர் செய்து விற்கின்றன. மோஸ்தரைப் பற்றி எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நல்ல பழக்கத்துக்கு எந்த வாசல் வழியாக வந்தாலென்ன? ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர், "தாத்தா, இது ஓடுமா, ஓடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்று நின்றுகொண்டே கேட்கிறார்கள். உட்காருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பொருளோடு பல காலம் இருக்கத் தெரிந்தவருக்கு மனிதர்களோடும் பல காலம் இருக்க வரும். இதைச் சுற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர். நான் அப்போது பள்ளியில் வாத்தியார். மாலையில் பள்ளி விட்டால் அவர் கடைப் பலகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டர் வந்தபோது அதையும் கற்று, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் வந்தபோது அதற்கும் பழகிக்கொண்டவர். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது அவருக்கு விவரம் தெரிந்த வயது. முதன்முதலில் பெட்டியிலிருந்து குரல் வந்ததைக் கேட்ட தலைமுறை என்பதாலோ என்னவோ, எந்தப் பெட்டியையும் அவர் அலட்சியமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பெட்டி கைக்கு வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்க மாட்டார். மூடியபடியே ஓடவிட்டுக் கேட்பார். "வாத்தியாரே, பாட்டு இழுத்தா பெல்ட்டு, நடுங்குனா ரோலரு, மங்குனா ஹெட்டு" என்பது அவருடைய பாடம். அதற்குள் மொத்த வைத்தியமும் அடங்கிவிடும். பெல்ட் தளர்ந்தால் மோட்டாரின் சுழற்சி ஃப்ளைவீலுக்கு முழுதாகப் போய்ச் சேராது, பாட்டு இழுக்கும். டேப்பை எஃகுத் தண்டோடு அழுத்திப் பிடித்து நகர்த்துகிற ரப்பர் ரோலர் காய்ந்து வழவழத்துப் போனால் பிடி சீராக இருக்காது. குரல் நடுங்கும், சில சமயம் டேப்பே சிக்கிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். டேப்பில் பூசிய இரும்பு ஆக்சைடு பழுப்பு மண்போல ஹெட்டின் மேல் படிந்தால், டேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அந்த இடைவெளியில் முதலில் தொலைவது கீச்சுக் குரல்கள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும்.

கேட்டு முடித்த பிறகுதான் திறப்பார். ஒரு வெள்ளைத் தாளில் பெட்டியின் படத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் அந்தப் படத்தில் அதன் இடத்திலேயே வைப்பார். ஒரு தடவை அவசரக்காரர் ஒருவர், "என்னண்ணே, கோலம் போட்டுக்கிட்டு இருக்கீங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று சிரித்தார். இவர் நிமிரவே இல்லை. "கழட்டுறதுக்கு அவசரப்படலாம் தம்பி, மாட்டுறப்ப அது தெரியும்" என்றார். நீளமான திருகாணியைக் குட்டையான துளையில் மாட்டி முறுக்கினால் அது சர்க்யூட் போர்டைத் துளைத்துவிடும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. வேலையில், வீட்டில், சங்கத்தில் எத்தனையோ சச்சரவுகளை நான் பார்த்துவிட்டேன். முக்கால்வாசி இடங்களில் மூடியபடி கேட்பதற்கு யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கேசட் பிறந்த கதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுக்காரர், பெரிய பெரிய சுருள்களில் டேப்பைக் கோத்து மாட்டுகிற தொல்லை பொறுக்காமல், சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒன்று வேண்டும் என்று நினைத்தார். சர்க்யூட் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு மரக்கட்டையைத் தன் கோட்டுப் பைக்கு அளவாகச் செதுக்கி வைத்துக்கொண்டார். அதை விடப் பெரிதாகக் கூடாது. மற்றதெல்லாம் அந்தக் கட்டைக்குள் அடங்கட்டும் என்பது அவர் கணக்கு. 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் உலகத்துக்கு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் ராயல்டி இல்லாமல் அதே அளவில் செய்துகொள்ள ஃபிலிப்ஸ் ஒப்புக்கொண்டது. டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர், வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர், எந்த நாட்டில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் சவூதியிலுள்ள தம்மாமில் பதிந்த கேசட் முசிறியில் பாடியது. ஓட்டன்ஸ் 2021-இல், 94-ஆம் வயதில் காலமானார். பிற்காலத்தில் சி.டி. உருவான முயற்சியிலும் அவருக்குப் பங்குண்டு. தான் பெற்ற கேசட்டை விட சி.டி.யே தேவலை என்று வெளிப்படையாகவே பேசியவர். தன் கைவேலையைக் கட்டிக்கொண்டு அழாத அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

வாக்மேன் 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட சோனியின் இபுகாவுக்காக, நிருபர்கள் பயன்படுத்துகிற சிறு டேப் ரெக்கார்டரை மாற்றிச் செய்தது அது. பதிவு செய்ய முடியாத ஒரு ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா விடவில்லை. ஆனால் அவருக்கு வேறொரு சங்கடம்: பக்கத்தில் ஒருவர் இருக்க நாம் மட்டும் காதை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா? ஆகவே முதல் மாடலில் ஹெட்போன் மாட்டுவதற்கு இரண்டு துளைகள் வைத்தார்கள். பேச வேண்டுமானால் ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் போதும்; பாட்டுத் தணிந்து, மைக் வழியாக அடுத்தவர் குரல் காதில் விழும். ஜனங்கள் தனியாகத்தான் கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் இரண்டாவது துளையும் அந்தப் பொத்தானும் போய்விட்டன. போனது போனதுதான். இருந்தாலும், ஒரு வியாபாரிக்கு அந்தச் சங்கடம் மனதில் தோன்றியதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வாக்மேன் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ இன் ஒன். கல்யாண வீட்டில் அதை நடுக்கூடத்தில் வைத்து "விதி" படத்தின் கதை வசனத்தை ஓடவிட்டால், சமையல்காரர் கரண்டியோடு வந்து நிற்பார். திருச்சிக்குப் போனால் ரெக்கார்டிங் சென்டரில் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுப்போம். சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி, ஆறு அல்லது ஏழு பாட்டு. அதற்கு மேல் இடமில்லை. எட்டாவதை அடித்துவிட வேண்டும். "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்பார்கள். அதெல்லாம் காப்புரிமைச் சட்டத்துக்கு ஒத்து வருகிற காரியமா என்று கேட்காதீர்கள், இல்லைதான். ஆனால் எந்த ஆறு பாட்டு என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தது வீண் போகவில்லை. எது இல்லாமல் இருக்க முடியும் என்று அந்தத் தாளில்தான் பலர் முதன்முதலில் தெரிந்துகொண்டோம்.

இனி நான் சொல்லப்போவது ஒரு அக்காவைப் பற்றி. எங்கள் தெருவில் கோரைப்பாய் நெய்துகொண்டிருந்தவர். காவிரிக் கரையில் விளைகிற கோரையைக் கீறி, காயவைத்து, சாயமேற்றி, தறியில் போட்டுப் பாயாக்குவது இந்த ஊரின் பழைய தொழில். அவருடைய வீட்டுக்காரர் சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் இன்னொருவர் வாயால்தான் கேட்க வேண்டும். கணவன் மனைவிக்குச் சொல்வதை எத்தனை பேர் வாயால் கேட்பது? டிரங்க் கால் பேசுவது அவர்கள் வசதிக்கு எட்டாத காரியம். எனவே வீட்டுக்காரர் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார். அக்கா அதே கேசட்டில் பதில் பேசி, போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன.

அதே கேசட்டில் என்றேன் அல்லவா, அதில்தான் விஷயம் இருக்கிறது. பதிவுப் பொத்தானை அழுத்தினால் டேப் முதலில் அழிக்கும் ஹெட்டைக் கடந்துதான் பதிக்கும் ஹெட்டுக்கு வரும். மலிவான பெட்டிகளில் அழிப்பதற்கு ஒரு சிறு காந்தத் துண்டே போதும். அக்கா பேசப் பேச, அதற்கு முந்தின விநாடி வரை அங்கிருந்த கணவரின் குரல் அழிந்துகொண்டே வரும். அதே கேசட்டில் பேசியது, புதுக் கேசட் வாங்கப் பணமில்லாமல் போனதால் மட்டும் இல்லை. அந்தக் கேசட் போய்த் திரும்பி வந்தால்தான் போக்குவரத்து அறுபடாமல் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அழியப்போகிறது என்று தெரிந்ததால் ஒரே கவனமாகக் கேட்பார். இரவில் வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு பக்கம் முழுவதையும், நடுவில் நிறுத்தாமல். பெட்டியை ஓடவைத்துக் கொடுத்துவிட்டு நான் திண்ணைக்கு வந்துவிடுவேன்.

பதில் பேசும்போது தறியை நிறுத்தக் கூடாது என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டாராம். "எம் பேச்ச விட அந்தத் தறிச் சத்தந்தான் அவருக்கு ஊரு கணக்கா இருக்குதாம் தம்பி" என்று அக்கா வெட்கத்தோடு சொன்னது நினைவிருக்கிறது. ஆகவே நெய்துகொண்டே பேசுவார். ஒரு சொல், ஒரு தட்டு. ஒரு சொல், ஒரு தட்டு.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் அவர் திருப்பி அனுப்பவில்லை. அதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. "இது அழியாம இருக்க ஏதாச்சும் பண்ண முடியுமா தம்பி" என்று கேட்டார். கேசட்டின் பின்விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது. உடைத்துக் கொடுத்தேன். வேண்டாதபோது அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு செலோடேப் துண்டு ஒட்டினால் மறுபடி பதியலாம் என்றும் சொன்னேன். "ஒட்ட மாட்டேன்" என்றார்.

பிள்ளைகளே, இன்று உங்கள் கைப்பேசியில் எதுவும் அழிவதில்லை. எதையும் திரும்பப் போய்க் கேட்பதுமில்லை. பொறுத்திருத்தல் என்பதை நான் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன், வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் அந்த அக்கா எதை அழியவிடுவது, எந்த ஒன்றின் நாக்கை உடைத்து வைப்பது என்று தெரிந்து பொறுத்திருந்தாரே, அதுதான் எனக்கு வகுப்பு. எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறவர் எதையும் காப்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். ரப்பர் பெல்ட் மாற்றியாயிற்று. உருகின பழைய ரப்பரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாயிற்று. பென்டார்ச் செல் கசிந்து பச்சை பூத்திருந்த இடத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. ஆல்கலைன் செல்லாக இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு அந்தக் காரத்தை முறிக்கும், பிறகு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இப்போது வேகம் சரிபார்க்க வேண்டும். இதற்குக் கருவிகள் இருக்கின்றன. எனக்குச் சுருதிப் பெட்டி போதும். நல்ல நிலையில் இருந்த ஒரு டெக்கில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் ஒலியை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். ரிப்பேர் செய்த பெட்டியில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் அதே சுருதிப் பெட்டியை அதே கட்டையில் ஒலிக்க வைப்பேன். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அது யார் காதுக்கும் தெரியும். அதற்குக் குறைவான பிசகு இருந்தால், இரண்டு ஒலிகளும் மோதி ஓம் ஓம் என்று அலை அலையாக அடிக்கும். மோட்டாரின் முதுகில் இருக்கிற சிறு துளைக்குள் மெல்லிய திருப்புளியை விட்டு மிக மெதுவாகத் திருப்பினால் அலை நீண்டு, நீண்டு, ஓரிடத்தில் அடங்கிவிடும். அது அடங்குகிற கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அடங்கிய பிறகு நான் போடுகிற முதல் கேசட் எப்போதும் முசிறி சுப்பிரமணிய ஐயருடையது. ஊர்ப்பற்று என்று நீங்கள் சிரிக்கலாம். 1899-இல் இந்த மாவட்டத்துப் பொம்மலாபாளையத்தில் பிறந்து, எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு எடுத்துக்கொண்டு போனவர். 1939-இல் சங்கீத கலாநிதி ஆனார். சென்னையில் கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக இருந்து பாடம் சொன்னார். மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த சாலைக்கே இன்று அவர் பெயர். விளம்ப காலத்தில், ஒரே வரியை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நிரவல் செய்துகொண்டிருப்பது அவர் வழி. அவசரக்காரர்களுக்கு அவர் பாட்டு நகராததுபோல இருக்கும். கேசட்டிலும் வேகமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் எங்கே போய் விழுவோம் என்று தெரியாது, திரும்பி வருவதும் தொல்லை. அதனாலேயே இருந்து கேட்போம். இருந்து கேட்டதனாலேயே அந்த வரி எங்களுக்குத் திறந்தது. பிடிக்காத பாட்டுகளில் பாதி, இருந்து கேட்காத பாட்டுகள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த அக்காவின் மகன் வந்தான். வெளிநாட்டில் வேலை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டிக்குள் பழைய புடவைக்கு அடியில் அந்தக் கேசட் இருந்ததாம். "மாமா, கடையில குடுத்தேன். ஒண்ணும் புரியல, டேப் போயிருச்சுன்னுட்டாங்க" என்றான். நாக்கு உடைந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு எந்தக் கேசட் என்று தெரிந்துவிட்டது.

ஆற்றோரத்து ஊர் இது. ஈரத்தில் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் ஏறும். இதில் நல்லவேளையாக இல்லை. இருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது, மற்றக் கேசட்டுகளுக்கும் ஹெட் வழியாகப் பரவும். டேப்பை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கிற சிறு கம்பளித் திண்டு மட்டும் பசை விட்டுக் கழன்று கிடந்தது. வேறொரு கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினேன். ஓடியது. ஆனால் குரல் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. பெட்டியில் குறையில்லை, சற்று முன்னால்தான் ஐயர் அதில் தெளிவாகப் பாடியிருந்தார்.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் திருகாணி இருக்கும். ஹெட்டின் சாய்வை அது தீர்மானிக்கிறது. ஹெட்டின் நடுவே மயிரிழைக்கும் மெல்லிய ஒரு கீறல் உண்டு. அது டேப் ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது விதி. பதிந்த பெட்டியில் அது இம்மி சாய்ந்திருந்தால் பதிவும் சாய்வாகத்தான் விழும். அதை நேரான ஹெட்டில் ஓட்டினால் கீச்சுக் குரல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். தம்மாமில் அந்த மனிதர் பேசியது ஏதோ மலிவான பெட்டியில். அதன் ஹெட் சாய்ந்திருக்கிறது. குரல் மங்கிய கிழவி பேசும்போது நாம் அவள் பக்கம் சாய்ந்து கேட்கிறோமே, அந்த மாதிரிதான்: அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். திணறல் விலகியது. அவர் மூச்சு இழுப்பது கேட்டது. பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தமும் கேட்டது. அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். நானும் முன்போலத் திண்ணைக்குப் போய்விட்டேன்.

பதிவில் தவறு என்று பலர் தூக்கிப் போடுவது, கேட்கிற பக்கத்தின் விறைப்பினால்தான். உங்கள் தகப்பன்மார் பேசுவது உங்களுக்கு மங்கலாகக் கேட்கலாம். அவர்கள் பதிந்த காலத்தின் சாய்வு வேறு. பஞ்சம் பார்த்தவர் சாய்வு, கடன் பார்த்தவர் சாய்வு. நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தெளிவாகப் பேசச் சொல்லி என்ன பயன்? அவர்கள் பதிந்த சாய்வுக்கு நீங்கள்தான் கால் சுற்றுத் திரும்ப வேண்டும். ஆனால் ஒன்று: திருப்புவதற்கு முன்னால் அந்தத் திருகாணியின் பழைய நிலையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது வழக்கம். மற்றக் கேசட்டுகளைக் கேட்கத் திரும்பி வர வேண்டுமே. பிறர் பக்கம் சாய்கிறவருக்குத் தன் இடம் எது என்று ஒரு புள்ளி இருக்கத்தான் வேண்டும்; அது இல்லாமல் சாய்ந்தே போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பெட்டியையும் பிழைக்க வைக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சோனியின் உயர்ந்த ரக டி.டி. மாடல்களில் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் விரிசல் விட்டுவிடும். டக் டக் என்று தட்டும். பசை போட்டு ஒட்டினால் நாலு நாள் தாங்கும். சரியான மாற்றுச் சக்கரம் கிடைத்தால் செய்யலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். தானாகவே பக்கம் மாற்றுகிற மாடல்களில் சக்கரமும் நெம்புகோலும் அதிகம், தொல்லையும் அதிகம். புதிதாகப் பழகுகிறவர்கள் பொத்தானை அழுத்தினால் டொக்கென்று இறங்குகிற கனமான, எளிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பிழைக்காததை எறியவும் வேண்டாம். அதன் மோட்டாரும் ரோலரும் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும். எங்கள் ரேடியோக்காரர் கடையில் அப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்றே ஒரு அலமாரி இருந்தது. பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் நடுவிலிருக்கும் வரப்பு மெல்லியது. பெட்டி இனி ஓடாது என்று அறிந்த பிறகும் அதோடு மல்லுக்கட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை.

சரிசெய்தாயிற்று என்றால் கேளுங்கள். ஒரு பக்கம் முழுவதும். சி-90 என்றால் முக்கால் மணி நேரம். கிட்டத்தட்ட 130 மீட்டர் டேப் உங்கள் காதைக் கடந்து போகும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். பக்கம் முடிந்து டொக்கென்று பொத்தான் எழும்போது, உடனே மறுபக்கம் மாற்றாதீர்கள். கேட்டு முடித்த பின் ரிவைண்ட் செய்யாமல் எடுத்து வையுங்கள். ஒரே சீராக ஓடிச் சுற்றிய டேப் நன்றாக இருக்கும், வேகமாகச் சுற்றினது மேடும் பள்ளமுமாக இருக்கும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் செத்த பெட்டிகள் பெல்ட்டினால் செத்தவற்றை விட அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. பாட்டுக் கேசட்டுகள் போனால் போகட்டும். அந்தப் பாட்டுகள் வேறெங்காவது இருக்கும். பரணில் கிடக்கிற கேசட்டுகளில் பெயர் எழுதாதவை, நாக்கு உடைத்தவை, மேலே பேனாவால் எழுதி அடித்தவை எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் உங்கள் ஆச்சியின் தாலாட்டு இருக்கலாம், மாமாவின் கேசட் கடிதம் இருக்கலாம், நீங்கள் மழலையில் பேசியதே இருக்கலாம். முதலில் நாக்கு உடையாதவற்றின் நாக்கை உடையுங்கள். பிறகு பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்குக் கொடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகச் சரிபாருங்கள். இரைச்சலை அடியோடு துடைத்துவிடாதீர்கள். அந்த அக்காவின் தறிச் சத்தத்தைக் கூட மென்பொருள் இரைச்சல் என்றுதான் நினைக்கும். பதிந்து முடித்ததும் பேசுகிறவர் பெயர், ஊர், தோராயமான வருஷம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். குரல் யாருடையது என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள்.